ஆடியாலஜி, பேச்சு-மொழி சிகிச்சை: அமெரிக்க மாநிலங்களுக்கு இடையேயான உரிம ஒப்பந்தம் – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

அமெரிக்காவில் பணிபுரியும் தமிழ் ஆடியாலஜிஸ்ட்டுகளும் (செவித்திறன் வல்லுநர்கள்) ஸ்பீச் தெரபிஸ்ட்டுகளும் (பேச்சு-மொழி சிகிச்சையாளர்கள்), இந்தத் துறையில் படிக்க ஊரிலிருந்து வரும் மாணவர்களும், சிகிச்சை பெறும் குழந்தைகளின் பெற்றோர்களும் என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்ட கேள்விகளை இங்கே தொகுத்திருக்கிறேன். கேட்டவர்களின் சொற்களைக் கூடியவரை மாற்றாமல் விட்டிருக்கிறேன். அடிப்படையான கேள்விகள் முதலிலும் சிக்கலானவை பின்னாலும் வருகின்றன.

இந்த ‘காம்பேக்ட்’ என்பது என்ன? எளிமையாகச் சொல்லுங்கள்.

அமெரிக்காவில் ஆடியாலஜிஸ்ட்டுக்கும் பேச்சு-மொழி சிகிச்சையாளருக்கும் தொழில் உரிமம் வழங்குவது மாநில அரசு. ஒரு மாநிலம் தந்த உரிமம் அந்த மாநிலத்தின் எல்லையோடு முடிந்துவிடும். பக்கத்து மாநிலத்தில் ஒரே ஒரு நோயாளியைப் பார்ப்பதென்றாலும், அங்கே தனியாக விண்ணப்பித்து, படிப்புச் சான்றுகளையும் தேர்வு மதிப்பெண்களையும் மறுபடி அனுப்பி, கட்டணம் செலுத்தி, புதிய உரிமத்துக்காகக் காத்திருக்க வேண்டும்.

இந்தச் சுமையைக் குறைக்க மாநிலங்கள் தங்களுக்குள் செய்துகொண்ட ஏற்பாடுதான் ஏ.எஸ்.எல்.பி.-ஐ.சி. (Audiology and Speech-Language Pathology Interstate Compact) என்று சுருக்கமாக அழைக்கப்படும் ஒப்பந்தம். இதில் சேர்ந்த ஒரு மாநிலத்தில் வசித்து, அந்த மாநிலத்தின் உரிமத்தையும் வைத்திருக்கும் ஒருவர், சேர்ந்திருக்கும் மற்ற மாநிலங்களில் புதிய உரிமம் வாங்காமலேயே பணிபுரிய அனுமதி பெறலாம். அந்த அனுமதிக்குப் பெயர் ‘பிரிவிலேஜ்’. வசிக்கும் மாநிலத்தை இனிச் சொந்த மாநிலம் என்றும், பிரிவிலேஜ் பெறும் மாநிலத்தை வெளி மாநிலம் என்றும் குறிப்பிடுகிறேன்.

இந்தியாவில் ஆர்.சி.ஐ. (இந்திய மறுவாழ்வுக் கழகம்) பதிவு ஒன்றே நாடு முழுவதும் செல்லுகிறது. இங்கே ஏன் மாநிலத்துக்கு ஒரு உரிமம்?

இந்தியாவில் 1992ஆம் ஆண்டு மறுவாழ்வுக் கழகச் சட்டம் ஒரே மையப் பதிவேட்டை ஏற்படுத்தியது. அதில் பெயர் இருந்தால் சென்னையிலும் பணிபுரியலாம், மைசூரிலும் பணிபுரியலாம். அமெரிக்க அரசியலமைப்பில் மக்களின் உடல்நலம், பாதுகாப்பு ஆகியவற்றைக் காக்கும் பொறுப்பு அடிப்படையில் மாநிலங்களுடையது. மருத்துவத் தொழிலுக்கு உரிமம் கட்டாயம் என்று மேற்கு வர்ஜீனியா இயற்றிய சட்டம் செல்லும் என்று உச்ச நீதிமன்றம் 1889இல் டென்ட் வழக்கில் தீர்ப்பளித்த பிறகு, தொழில் உரிமம் மாநிலத்தின் அதிகாரம் என்பது உறுதிப்பட்டுவிட்டது.

அந்த அதிகாரத்தை மாநிலங்களிடமிருந்து பறிக்காமல் எல்லைச் சிக்கலைத் தீர்க்க, அரசியலமைப்பே ஒரு வழி வைத்திருக்கிறது. முதல் பிரிவின் பத்தாம் உட்பிரிவு மாநிலங்களுக்கு இடையேயான ஒப்பந்தங்களைப் பற்றிப் பேசுகிறது. அதற்கு நாடாளுமன்றத்தின் ஒப்புதல் வேண்டும் என்று எழுதப்பட்டிருந்தாலும், மத்திய அரசின் அதிகாரத்தில் கைவைக்காத ஒப்பந்தங்களுக்கு அது தேவையில்லை என்பது 1893இல் வர்ஜீனியாவுக்கும் டென்னசிக்கும் இடையே நடந்த எல்லை வழக்கிலிருந்து நிலைத்துவிட்ட கருத்து. செவிலியர்கள், மருத்துவர்கள், உடலியக்கச் சிகிச்சையாளர்கள், உளவியலாளர்கள் ஆகியோருக்கும் இதே வழியில் ஒப்பந்தங்கள் உள்ளன.

இதை யார் உருவாக்கினார்கள், யார் நடத்துகிறார்கள்?

துறையின் தேசியச் சங்கமான ஆஷாவும், மாநில அரசுகளின் பேரவையும், மாநில உரிம வாரியங்களின் கூட்டமைப்பும் சேர்ந்து மாதிரிச் சட்டத்தை வரைந்தன. பத்து மாநிலங்கள் அதைத் தங்கள் சட்டமன்றங்களில் நிறைவேற்றினால் ஒப்பந்தம் உயிர்பெறும் என்பது விதி. அந்த எண்ணிக்கை 2021இல் எட்டப்பட்டது. 2020இல் பெருந்தொற்றின்போது பல மாநிலங்கள் தற்காலிகமாக உரிம விதிகளைத் தளர்த்தின. எல்லை தாண்டிய தொலைவழிச் சிகிச்சை நடைமுறையில் சாத்தியம் என்பதைப் பலரும் அப்போதுதான் கண்கூடாகக் கண்டார்கள் என்பதால், அந்த அனுபவத்துக்கும் இந்த வேகத்தில் பங்கு உண்டு என்பது என் கருத்து.

நடத்துவது ஓர் ஆணையம். ஒவ்வோர் உறுப்பு மாநிலத்திலிருந்தும் ஓர் ஆடியாலஜிஸ்ட், ஒரு பேச்சு-மொழி சிகிச்சையாளர் என இரண்டு பிரதிநிதிகள் இதில் இடம்பெறுகிறார்கள். இவர்களைத் தவிர, பொதுமக்கள் சார்பிலோ வாரிய நிர்வாகிகளிலிருந்தோ மேலும் ஐந்து பேர் தேர்ந்தெடுக்கப்படுகிறார்கள்.

எந்தெந்த மாநிலங்கள் சேர்ந்திருக்கின்றன? என் மாநிலம் சட்டம் நிறைவேற்றிவிட்டது என்றால் நாளைக்கே விண்ணப்பிக்கலாமா?

30க்கும் மேற்பட்ட மாநிலங்கள் சட்டம் இயற்றியிருக்கின்றன. ஒஹாயோ, கென்டக்கி, ஜார்ஜியா, வட கரோலினா, டென்னசி, வர்ஜீனியா, மேரிலாந்து, கொலராடோ, வாஷிங்டன், புளோரிடா ஆகியவை அவற்றுள் சில. தமிழர்கள் அதிகம் வாழும் கலிபோர்னியாவும் நியூயார்க்கும் இதைத் தொகுக்கும்போது சேரவில்லை.

சட்டம் இயற்றியதோடு வேலை முடிவதில்லை. அந்த மாநிலத்தின் வாரியம் விண்ணப்பதாரர்களின் கைரேகையை எஃப்.பி.ஐ.க்கு அனுப்பிக் குற்றப் பின்னணியைச் சரிபார்க்கும் ஏற்பாட்டைச் செய்ய வேண்டும். ஒப்பந்தத்தின் பொதுத் தரவு அமைப்போடு தன் பதிவேட்டை இணைக்கவும் வேண்டும். இந்த இரண்டுக்கும் காலம் பிடிக்கிறது. ஆகவே ‘சட்டம் இயற்றிய மாநிலம்’ வேறு, ‘பிரிவிலேஜ் வழங்கத் தொடங்கிய மாநிலம்’ வேறு. உங்கள் சொந்த மாநிலமும் நீங்கள் பணிபுரிய விரும்பும் மாநிலமும் இரண்டாவது வகையில் வந்துவிட்டனவா என்பதை ஆணையத்தின் இணையதள வரைபடத்தில் பார்த்துக்கொண்ட பிறகே வெளி மாநில நோயாளிக்கு நேரம் கொடுங்கள்.

யாருக்கு இந்தத் தகுதி உண்டு?

பேச்சு-மொழி சிகிச்சையாளர் முதுகலைப் பட்டம் பெற்றிருக்க வேண்டும். ஆடியாலஜிஸ்ட்டுக்கு ஆண்டைப் பொறுத்து விதி மாறுகிறது. 2007 டிசம்பர் 31க்குள் படிப்பை முடித்தவருக்கு முதுகலைப் பட்டம் போதும், அதன் பிறகு முடித்தவருக்கு முனைவர் நிலைப் பட்டம், அதாவது ஏ.யு.டி. போன்றது, கட்டாயம். இருவருமே மேற்பார்வையின் கீழ் மருத்துவப் பயிற்சியை முடித்து, தேசியத் தேர்வில் தேறி, சொந்த மாநிலத்தில் எந்தத் தடையும் இல்லாத நடப்பு உரிமத்தை வைத்திருக்க வேண்டும். தொழிலோடு தொடர்புடைய பெருங்குற்றத்தில் தண்டனை பெற்றிருக்கக் கூடாது. சமூகப் பாதுகாப்பு எண்ணோ, சுகாதாரப் பணியாளர்களுக்கான தேசிய வழங்குநர் எண்ணோ இருக்க வேண்டும்.

இவற்றோடு இன்னொன்றும் உண்டு. விண்ணப்பிக்கும் நாளுக்கு முந்தைய இரண்டு ஆண்டுகளில் உங்கள் எந்த உரிமத்தின் மீதும் ஒழுங்கு நடவடிக்கை எடுக்கப்பட்டிருக்கக் கூடாது.

நான் இன்னும் கிளினிக்கல் ஃபெலோஷிப்பில் இருக்கிறேன். எனக்குக் கிடைக்குமா? என் தோழி உதவியாளராக இருக்கிறாள், அவளுக்கு?

இருவருக்கும் கிடைக்காது. பேச்சு-மொழி சிகிச்சையாளர் பட்டத்துக்குப் பிந்தைய மேற்பார்வைப் பணியையும், அதாவது இந்த ஃபெலோஷிப்பையும், முடித்திருக்க வேண்டும் என்று ஒப்பந்தம் சொல்கிறது. முழு உரிமம் கைக்கு வந்த பிறகு விண்ணப்பியுங்கள். உதவியாளர்கள் ஒப்பந்தத்தின் வரம்புக்குள் வருவதே இல்லை. அவர்கள் அந்தந்த மாநில விதிகளின்படியே தொடர வேண்டும்.

ஆஷாவின் ‘சி.சி.சி.’ சான்று என்னிடம் இருக்கிறது. அது போதாதா?

போதாது. சி.சி.சி. ஒரு தொழில்முறைச் சங்கம் வழங்கும் தகுதிச் சான்று, உரிமம் என்பது அரசு தரும் சட்ட அனுமதி. பிரிவிலேஜ் பெறுவதற்கு சி.சி.சி. வைத்திருக்க வேண்டும் என்று ஒப்பந்தம் கேட்கவும் இல்லை. ஆனால் பல மருத்துவமனைகளும் காப்பீட்டு நிறுவனங்களும் அதைக் கேட்கின்றன என்பதால், பிரிவிலேஜ் கிடைத்துவிட்டதே என்று அதைக் கைவிட்டுவிடாதீர்கள்.

நான் சின்சினாட்டியில் இருக்கிறேன். ஆற்றுப் பாலத்தைத் தாண்டினால் கென்டக்கி. செவிலியர்களுக்கு இருப்பதுபோல் என் உரிமம் தானாகவே அங்கே செல்லுமா?

தானாகச் செல்லாது. செவிலியர் ஒப்பந்தத்தில் ஒரே உரிமம் பல மாநிலங்களில் செல்லுபடியாகிறது. நம்முடையது உடலியக்கச் சிகிச்சையாளர்களின் ஒப்பந்தத்தை ஒத்தது. எந்த மாநிலத்தில் பணிபுரிய வேண்டுமோ அந்த மாநிலத்தைத் தேர்ந்தெடுத்து, ஒவ்வொன்றுக்கும் தனித்தனியாகப் பிரிவிலேஜ் வாங்க வேண்டும். ஆணையத்துக்கு ஒரு கட்டணம் உண்டு, அந்த மாநிலமும் தன் பங்குக்கு ஒரு கட்டணம் விதிக்கலாம்.

உங்கள் விஷயத்தில் ஒஹாயோ உரிமத்தைக் காட்டி, கென்டக்கிக்கான பிரிவிலேஜை வாங்கிய பிறகு, பாலத்தின் அந்தப் பக்கம் கவிங்டனில் இருக்கும் முதியோர் இல்லத்தில் விழுங்குதல் சோதனை செய்யலாம். உங்கள் ஒஹாயோ உரிமம் என்று காலாவதியாகிறதோ அன்றே கென்டக்கி பிரிவிலேஜும் முடிகிறது, ஏனென்றால் பிரிவிலேஜுக்குத் தனி உயிர் கிடையாது. தொடர்கல்வி மணிநேரங்களைச் சொந்த மாநிலத்தின் கணக்குக்கு முடித்தால் போதும். பல உரிமங்களை வைத்துக்கொண்டு ஒவ்வொரு மாநிலத்தின் கணக்கையும் தனித்தனியாகப் பராமரித்தவர்களுக்கு இது எவ்வளவு பெரிய நிம்மதி என்பது தெரியும்.

தொலைவழிச் சிகிச்சையில் எந்த மாநிலச் சட்டம் பொருந்தும்? நான் உட்கார்ந்திருக்கும் மாநிலமா, குழந்தை இருக்கும் மாநிலமா?

குழந்தை இருக்கும் மாநிலம். இந்தப் பக்கத்தில் ஒன்றை மட்டும் நினைவில் வைத்துக்கொள்வதென்றால் இதை வைத்துக்கொள்ளுங்கள்: சிகிச்சை நடக்கும் அந்த நேரத்தில் நோயாளி எங்கே இருக்கிறாரோ அங்கேதான் தொழில் நடக்கிறது என்பது ஒப்பந்தத்தின் அடித்தளம்.

இதனால் நீங்கள் எதைச் செய்யலாம், எதைச் செய்யக் கூடாது என்பதையும் அந்த மாநிலமே தீர்மானிக்கிறது. ஆடியாலஜிஸ்ட் காதுக் குரும்பியை அகற்றலாமா, பேச்சு-மொழி சிகிச்சையாளர் மூக்கு வழியாக உள்நோக்கியைச் செலுத்தி விழுங்குதலைப் பரிசோதிக்கலாமா என்பதிலெல்லாம் மாநிலங்களுக்கு மாநிலம் விதி வேறுபடுகிறது. உங்கள் மாநிலத்தில் அன்றாடம் செய்வது, திரையின் மறுபக்கம் இருக்கும் மாநிலத்தில் தனிப் பயிற்சிச் சான்று கேட்கும் செயலாக இருக்கலாம். பிரிவிலேஜ் வாங்கும் நாளன்றே அந்த மாநிலச் சட்டத்தின் பணி வரம்புப் பகுதியை ஒருமுறை முழுமையாகப் படித்துவிடுங்கள்.

ஜார்ஜியாவில் இருக்கும் குழந்தைக்கு வாரம் இருமுறை இணையவழியில் சிகிச்சை தருகிறேன். கோடை விடுமுறைக்குக் கலிபோர்னியாவில் இருக்கும் பெரியப்பா வீட்டுக்குப் போயிருக்கிறார்கள். வகுப்பைத் தொடரலாமா?

கலிபோர்னியா உரிமம் உங்களிடம் இல்லையென்றால் தொடர முடியாது. குழந்தையின் முகவரியும் காப்பீடும் ஜார்ஜியாவில் இருந்தாலும், முந்தைய விடையில் சொன்னபடி, அந்த மணிநேரத்தில் குழந்தை இருப்பது கலிபோர்னியாவில். அந்த மாநிலம் ஒப்பந்தத்தில் இல்லாததால் பிரிவிலேஜ் என்ற வழியும் இல்லை.

ஒவ்வொரு அமர்வின் தொடக்கத்திலும் “இன்றைக்கு எந்த ஊரிலிருந்து பேசுகிறீர்கள்?” என்று கேட்டு, விடையைப் பதிவேட்டில் முதல் வரியாக எழுதும் பழக்கம் எனக்கு உண்டு. திரையில் வழக்கமான சுவருக்குப் பதிலாக வேறொரு வீட்டின் சமையலறை தெரிந்தால் அந்தக் கேள்வி இன்னும் அவசியமாகிறது. பயணத் திட்டத்தை முன்கூட்டியே சொல்லும்படி பெற்றோரிடம் கேட்டுக்கொண்டால், வீட்டுப் பயிற்சிகளை எழுதித் தந்து, அந்த வாரங்களுக்கு முன்போ பின்போ அமர்வுகளை மாற்றி வைக்கலாம். குழந்தையின் பயிற்சி அறுபடுவது எனக்கும் வருத்தம்தான். கலிபோர்னியாவும் நியூயார்க்கும் சேர வேண்டும் என்று நான் விரும்புவதற்கு இதுவே முதல் காரணம்.

எங்கள் பெண்ணோடு தமிழிலும் பேசக்கூடிய சிகிச்சையாளர் எங்கள் மாநிலத்தில் இல்லை. இந்த ஒப்பந்தத்தால் எங்களுக்குப் பலன் உண்டா?

நிச்சயமாக உண்டு. வீட்டில் தமிழும் பள்ளியில் ஆங்கிலமும் பேசும் குழந்தையிடம் ஆங்கிலத்தில் மட்டும் சோதனை செய்தால், மொழிக் குறைபாடு எது, இரண்டாம் மொழி கற்கும் இயல்பான நிலை எது என்று பிரித்தறிவது கடினம். ‘ல, ள, ழ’ ஒலிகளைக் குழந்தை மாற்றி ஒலிப்பது அந்த வயதுக்கு இயல்பா, வீட்டில் பெரியவர்கள் பேசும் வழக்கா, சிகிச்சை வேண்டிய பிழையா என்பதைத் தமிழ் அறிந்த காதுதான் எளிதில் கண்டுகொள்ளும். அத்தகைய சிகிச்சையாளர்கள் மிகக் குறைவு, சில பெருநகரங்களில் மட்டுமே இருக்கிறார்கள்.

அவர் வசிக்கும் மாநிலம், உங்கள் மாநிலம் ஆகிய இரண்டும் பிரிவிலேஜ் வழங்கும் நிலைக்கு வந்திருந்தால், உங்கள் மாநிலத்துக்கான பிரிவிலேஜை அவர் வாங்கி இணையவழியில் பார்க்கலாம். அவரிடம் தயங்காமல் கேளுங்கள். ஒரு குடும்பம் கேட்டதனால்தான் பலர் முதன்முறையாக விண்ணப்பிக்கிறார்கள்.

அப்படியானால் கோயம்புத்தூரில் இருக்கும் தெரபிஸ்ட் இங்கே இருக்கும் குழந்தைக்கு இணையவழியில் சிகிச்சை தரலாமா? அவருக்கு ஆர்.சி.ஐ. பதிவு இருக்கிறது.

குழந்தை இருக்கும் அமெரிக்க மாநிலத்தின் உரிமம் அவருக்கு வேண்டும். ஆர்.சி.ஐ. பதிவு இந்தியாவுக்குள் செல்லும் சட்ட அனுமதி, இங்கே அது உரிமத்துக்கு ஈடாகாது. உறுப்பு மாநிலம் ஒன்றில் வசிக்காததால் ஒப்பந்தமும் அவருக்குப் பொருந்தாது. செலவு குறைவு, தமிழிலேயே பேசுவார் என்ற காரணங்களால் பல குடும்பங்கள் இந்த வழியை நாடுவதை நான் அறிவேன். ஏதேனும் தவறு நேர்ந்தால் புகார் கொடுக்க இங்கே ஒரு வாரியமும் இருக்காது என்பதைப் பெற்றோர் எண்ணிப் பார்க்க வேண்டும்.

இந்தியாவில் முதுகலை முடித்துவிட்டு இங்கே வந்தவர்களுக்கு வாய்ப்பு உண்டா?

வெளிநாட்டுப் பட்டத்துக்கு ஒப்பந்தம் கதவை மூடவில்லை. படித்த நிறுவனம் அந்த நாட்டின் உரிய அமைப்பால் அங்கீகரிக்கப்பட்டிருக்க வேண்டும், அந்தப் படிப்பு இங்குள்ள படிப்புக்கு ஒப்பானது என்று தனிப்பட்ட மதிப்பீட்டு நிறுவனம் ஒன்று சரிபார்த்திருக்க வேண்டும். பேச்சு-மொழி சிகிச்சையில் முதுகலை பெற்றவருக்கு இது நடக்கக்கூடியது. ஆடியாலஜியில் நிலைமை கடினம். தகுதி பற்றிய விடையில் குறிப்பிட்ட 2007 எல்லைக்குப் பிறகு முனைவர் நிலைப் பட்டம் கேட்கப்படுவதால், இந்திய முதுகலைப் பட்டம் மட்டும் வைத்திருப்பவர் அதைத் தாண்டுவது அரிது. ஏ.யு.டி. படிக்க இங்கே வருவதா என்று கேட்கும் மாணவர்களிடம் இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

எப்படியானாலும் முதலில் ஒரு மாநிலத்தின் முழு உரிமம் கையில் வர வேண்டும். விசா முற்றிலும் தனிப் பாதை. வெளிநாட்டில் பயின்ற ஆடியாலஜிஸ்ட்டுகளும் பேச்சு-மொழி சிகிச்சையாளர்களும் பணி விசாவுக்காக ‘விசாஸ்கிரீன்’ போன்ற சுகாதாரப் பணியாளர் சான்று பெற வேண்டியிருக்கும். பிரிவிலேஜ் குடிவரவு விஷயத்தில் எந்த உதவியும் செய்யாது.

நான் வசிப்பது கலிபோர்னியா. ஆனால் வாஷிங்டன் மாநில உரிமமும் வைத்திருக்கிறேன். வாஷிங்டன் உறுப்பு மாநிலம்தானே, அதை வைத்து மற்ற மாநிலங்களுக்கு விண்ணப்பிக்கலாமா?

முடியாது. உரிமம் எங்கே வாங்கினீர்கள் என்பது இங்கே எடுபடாது, எங்கே வசிக்கிறீர்கள் என்பதே கணக்கு. முதன்மையாக வசிக்கும் மாநிலம் உறுப்பு மாநிலமாக இருந்தால்தான் அது சொந்த மாநிலம் ஆகும். வெளியில் வசிப்பவரும் உறுப்பு மாநிலத்தில் தனி உரிமம் வாங்குவதை ஒப்பந்தம் தடுப்பதில்லை, ஆனால் அந்த உரிமம் அந்த ஒரு மாநிலத்துக்கு மட்டுமே செல்லும்.

வீடு மாறினால்?

ஓர் உறுப்பு மாநிலத்திலிருந்து இன்னோர் உறுப்பு மாநிலத்துக்குக் குடிபெயர்ந்தால், புதிய மாநிலத்தில் உரிமத்துக்கு விண்ணப்பிக்க வேண்டும். குடிபெயர்வதற்கு முன்பே விண்ணப்பிக்கலாம், ஆனால் இடம் மாறியதற்கான சான்றைக் காட்டிய பிறகே உரிமம் தருவார்கள். அது வந்ததும் பழைய சொந்த மாநில உரிமம் செயலிழக்கும், ஏனென்றால் ஒரு நேரத்தில் ஒரு சொந்த மாநில உரிமம்தான் இருக்க முடியும். உறுப்பு அல்லாத மாநிலத்துக்குப் போனால், பழைய உரிமம் அந்த மாநிலத்துக்கு மட்டுமான தனி உரிமமாக மாறிவிடும். அதைச் சார்ந்திருந்த பிரிவிலேஜ்களும் அதோடு போய்விடும் என்பதால், வீட்டு ஒப்பந்தத்தில் கையெழுத்திடும் முன் வெளி மாநில நோயாளிகளின் பட்டியலை எடுத்துப் பாருங்கள்.

இராணுவத்தில் பணியில் இருப்பவர்களுக்கும் அவர்களின் கணவன் அல்லது மனைவிக்கும் விலக்கு உண்டு. நடப்பு உரிமம் உள்ள ஒரு மாநிலத்தைச் சொந்த மாநிலமாக அறிவித்துவிட்டு, பணிக்காலம் முழுவதும் எங்கே மாற்றப்பட்டாலும் அதையே வைத்துக்கொள்ளலாம்.

பள்ளியில் வேலை செய்கிறேன். பிரிவிலேஜ் இருந்தால் போதுமா?

பல மாநிலங்களில் போதாது. பள்ளிப் பணிக்குக் கல்வித் துறையின் ஆசிரியர் சான்றும் தேவைப்படும் மாநிலங்கள் உள்ளன. அதை இந்த ஒப்பந்தம் மாற்றவில்லை.

காப்பீட்டில் பணம் பெறுவது எப்படி?

பிரிவிலேஜ் என்பது தொழில் செய்யும் அனுமதி, கட்டணம் பெறும் ஏற்பாடு அதில் அடங்காது. குறைந்த வருமானம் உள்ளவர்களுக்கான அரசுக் காப்பீடான மெடிக்கெய்டை ஒவ்வொரு மாநிலமும் தனியாக நடத்துவதால், அந்தந்த மாநிலத்தில் வழங்குநராகப் பதிவு செய்ய வேண்டும். தனியார் காப்பீட்டு நிறுவனங்களிடமும், உங்கள் தொழிற்பிழைக் காப்பீட்டு நிறுவனத்திடமும் வெளி மாநிலப் பணியைப் பற்றி எழுத்தில் கேட்டு விடை வாங்கிக்கொள்ளுங்கள்.

வெளி மாநிலத்தில் என் மீது புகார் வந்தால் யார் விசாரிப்பார்கள்? என் சொந்த உரிமமும் போய்விடுமா?

நோயாளி இருந்த மாநிலத்தின் வாரியம் விசாரித்து, தன் மாநிலத்துக்கான பிரிவிலேஜை நிறுத்தவோ நீக்கவோ செய்யலாம். சொந்த மாநில உரிமத்தின் மீது கைவைக்கும் அதிகாரம் சொந்த மாநிலத்துக்கு மட்டுமே உண்டு. ஆனால் வெளி மாநிலத்தில் நடந்ததை, தன் எல்லைக்குள் நடந்ததுபோலவே கருதி அது நடவடிக்கை எடுக்க வேண்டும். விசாரணைத் தகவல்கள் பொதுத் தரவு அமைப்பின் வழியாக உறுப்பு மாநிலங்களுக்குத் தெரிந்துவிடும். ஒரு மாநிலத்தில் தண்டிக்கப்பட்டவர் அடுத்த மாநிலத்துக்குப் போய்ப் பெயர்ப்பலகை மாட்டும் பழைய ஓட்டையை இது அடைக்கிறது. நோயாளிகளின் கோணத்தில் பார்த்தால் ஒப்பந்தத்தின் மிகச் சிறந்த பகுதி இதுவே.

சொந்த உரிமத்துக்கே தடை வந்தால், வெளி மாநிலங்களில் பணிபுரியும் உரிமை போய்விடும். தடை நீங்கி, நடவடிக்கை எடுத்த நாளிலிருந்து இரண்டு ஆண்டுகளும் கடந்த பிறகே அதைத் திரும்பப் பெறலாம். உறுப்பு அல்லாத மாநிலம் ஏதேனும் உங்கள் மீது நடவடிக்கை எடுத்தால், 30 நாட்களுக்குள் நீங்களே ஆணையத்துக்குத் தெரிவிக்க வேண்டும்.

என்னிடம் ஏற்கெனவே மூன்று மாநில உரிமங்கள் இருக்கின்றன. அவற்றைப் புதுப்பிக்காமல் விட்டுவிடலாமா?

பிரிவிலேஜ் கைக்கு வரும் வரை எதையும் காலாவதியாக விடாதீர்கள். சட்டம் இயற்றிய உடனேயே ஒரு மாநிலம் விண்ணப்பம் ஏற்கத் தொடங்கிவிடுவதில்லை என்பதை நான்காம் விடையில் பார்த்தோம். வந்த பிறகு கட்டணத்தை ஒப்பிடுங்கள். ஒரே ஒரு வெளி மாநிலத்தில் நிரந்தரமாகப் பணிபுரிபவருக்குத் தனி உரிமமே நிலையானது என்று நான் சொல்வேன். அது சொந்த உரிமத்தைச் சார்ந்து நிற்பதில்லை, வீடு மாறினாலும் தொடரும். நான்கைந்து மாநிலங்களில் சில நோயாளிகளை மட்டும் பார்ப்பவருக்குப் பிரிவிலேஜ் பொருத்தமானது.

ஒரு மாநிலம் ஒப்பந்தத்திலிருந்து விலகினால் என் நோயாளிகள் என்ன ஆவார்கள்?

சட்டமன்றம் சேரும் சட்டத்தை நீக்கினாலும், விலகல் ஆறு மாதம் கழித்தே நடைமுறைக்கு வரும். அதற்குள் அந்த மாநிலத்தின் தனி உரிமத்துக்கு விண்ணப்பித்துவிடலாம். அது முடியாவிட்டால், உள்ளூரில் ஒரு சிகிச்சையாளரைத் தேடி, மதிப்பீட்டு அறிக்கைகளையும், உட்செவியில் காக்ளியர் கருவி பொருத்தியவர் என்றால் அதன் அமைப்புப் பதிவுகளையும் முறையாக ஒப்படையுங்கள்.